ஸ்பிரிங் பூட் கான்ஃபிக்: நிபந்தனையைத் தப்பான இடத்தில் வைக்காதீர்கள்

மெயில் வசதியை ஆன் செய்தால் ஹோஸ்ட் (மெயில் சர்வரின் முகவரி) கட்டாயம், ஆஃப் என்றால் காலியாகவே இருக்கலாம். இந்தச் சின்ன விதியை ஸ்பிரிங் பூட்டில் (ஜாவா அப்ளிகேஷன் எழுத உதவும் ஃபிரேம்வொர்க்) எழுதச் சொன்னால் பலரும் முதலில் ஹோஸ்ட் ஃபீல்டுக்கு மேல் @நாட்பிளாங்க், அதாவது 'காலியாக இருக்கக் கூடாது' என்ற குறியைப் போட்டுவிடுவார்கள். அதற்கு நிபந்தனையெல்லாம் தெரியாது. மெயிலே தேவைப்படாத டெஸ்ட் சூழலிலும் அப்ளிகேஷன் எழும்ப மறுக்கும்.

அடுத்து @அசர்ட்ட்ரூ, அதாவது 'இந்த மெத்தட் ட்ரூ என்று திருப்ப வேண்டும்' என்ற குறி. நல்ல வழிதான், ஆனால் மெத்தட் பெயரில் கோட்டை விடுகிறார்கள். 'இஸ்' என்று தொடங்கி பூலியன் திருப்பும் மெத்தடாக எழுதுங்கள். 'செக்ஹோஸ்ட்' என்று பெயர் வைத்தால் அது கெட்டர் (மதிப்பைப் படித்துத் தரும் மெத்தட்) கணக்கில் வராது. பிழையும் காட்டாது, சரிபார்ப்பும் நடக்காது. மெத்தடுக்குள் 'நல்' (மதிப்பே இல்லாத நிலை) வந்தால் என்ன ஆகும் என்பதையும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபீல்டில் @நாட்நல் இருப்பதால் அதுதான் முதலில் ஓடும் என்று நம்ப முடியாது, வரிசைக்கு உத்தரவாதம் கிடையாது. அப்புறம், மெசேஜ் எழுத மறக்காதீர்கள். வெறும் 'மஸ்ட் பி ட்ரூ' என்ற வரியை வைத்துக்கொண்டு யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

அதிகம் சிக்க வைப்பது உள்ளடங்கிய கிளாஸ்தான். 'ஆப்' என்ற பெரிய கிளாஸுக்குள் 'மெயில்' ஒரு ஃபீல்டு என்று வையுங்கள். அதன் மேல் @வேலிட் ('உள்ளே இறங்கியும் சரிபார்' என்ற குறி) இருந்து, கான்ஃபிக் ஃபைலில் மெயில் பகுதியே இல்லையென்றால் ஃபீல்டு 'நல்' ஆகவே இருக்கும். 'நல்' என்றால் உள்ளே இறங்கிப் பார்ப்பதில்லை. ஆக, பகுதி இருந்தால் மட்டும் சரிபார்ப்பு என்ற நிபந்தனை இலவசமாகவே கிடைக்கிறது. அந்த ஃபீல்டை 'நியூ மெயில்()' என்று முன்கூட்டியே நிரப்பி வைப்பவர்கள் இதைக் கெடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே இருக்கும் @நாட்பிளாங்க் எப்போதும் ஓடும். @வேலிட்டை விட்டுவிட்டால் நிலைமை தலைகீழ். பழைய பதிப்புகளில் வெளி கிளாஸின் மேல் @வேலிடேட்டட் ('இந்த கிளாஸைச் சரிபார்' என்ற குறி) இருந்தாலே போதும், சரிபார்ப்பு உள்ளேயும் இறங்கிவிடும். ஸ்பிரிங் பூட் 3.4 முதல் @வேலிட் இல்லாமல் இறங்காது.

முழு வசதியையும் ஆன், ஆஃப் செய்வதாக இருந்தால் வேலிடேஷனில் நிபந்தனை எழுதவே வேண்டாம் என்பேன். @கண்டிஷனல்ஆன்ப்ராப்பர்ட்டி (கான்ஃபிக் மதிப்பு பொருந்தினால் மட்டும் இயங்கு என்ற குறி) உள்ள கான்ஃபிகரேஷன் கிளாஸிலேயே @எனேபிள்கான்ஃபிகரேஷன்ப்ராப்பர்டீஸ் போட்டு, மெயில் மதிப்புகளை வைத்திருக்கும் ப்ராப்பர்டீஸ் கிளாஸைப் பதிவு செய்யுங்கள். நிபந்தனை பொருந்தாவிட்டால் பீனே (ஸ்பிரிங் நிர்வகிக்கும் ஆப்ஜெக்ட்) உருவாகாது, சரிபார்க்க எதுவும் இருக்காது. ஆனால் அதே கிளாஸ், இத்தகைய கிளாஸ்களைத் தானாகவே தேடிப் பதிவு செய்யும் @கான்ஃபிகரேஷன்ப்ராப்பர்டீஸ்ஸ்கேன் வழியாகவும் உள்ளே வந்தால் நிபந்தனையைத் தாண்டிப் பதிவாகிவிடும்.

பாஸ்வேர்டில் @சைஸ் (நீள வரம்பு) போடும்போதும் கொஞ்சம் யோசியுங்கள். சரிபார்ப்பு தோற்றால், ப்ராப்பர்ட்டியின் பெயரோடு அதன் மதிப்பையும் ஸ்பிரிங் பூட் லாகில் அப்படியே அச்சிடும்.