துணையின்றி வரும் குழந்தை: எல்லையோரத் தமிழர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒலவக்கோடு ரயில் நிலையத்திலோ வாளையாறு சோதனைச் சாவடியிலோ பெரியவர் துணையில்லாத ஒரு குழந்தை தமிழ் பேசினால், பாலக்காட்டுத் தமிழர்களாகிய நம்மில் ஒருவரைத்தான் மொழிபெயர்க்க அழைக்கிறார்கள். நல்லெண்ணத்தோடு போகும் நாமே சில தவறுகளுக்கு வழிவிட்டுவிடுகிறோம்.

அவற்றுள் பெரியது, "தமிழ்தானே பேசுகிறான், கோயம்புத்தூருக்கு அனுப்பிவிடலாம்" என்று பேச்சை வைத்தே ஊரை முடிவுசெய்வது. இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடி வரும் குழந்தையும் தமிழ் பேசும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்கிறதே தவிர, அந்த வரையறையில் குடியுரிமையைக் கேட்பதில்லை. ஆகவே எந்த நாட்டுக் குழந்தையானாலும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் (பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கச் சட்டப்படி அமைந்த மாவட்டக் குழு) முன் கொண்டுபோக வேண்டும். இன்று குழு கூடவில்லை என்பது காரணமாகாது. அவ்வேளையில் உறுப்பினர் ஒருவர் முன் கொண்டுபோகச் சட்டமே இடம் தருகிறது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை என்பது உண்மைதான். ஆனால் 1992இல் இந்தியா ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 22ஆம் பிரிவு, அடைக்கலம் தேடும் குழந்தை தனியே வந்தாலும் பாதுகாக்கச் சொல்கிறது.

மொழிபெயர்ப்பில் நேரும் பிழை இதைவிட நுட்பமானது. "மாமா கூட்டிவந்தார்" என்று குழந்தை சொல்கிறது. தமிழில் பக்கத்து வீட்டுக்காரரும் மாமா, பஸ்ஸில் இடம் கொடுத்தவரும் மாமா. அதை மலையாளத்தில் 'அம்மாவன்' என்று மாற்றினால், தாயுடன் பிறந்தவர் என்றே பதிவாகிவிடும். மறுநாள் அழைத்துப்போக வந்து நிற்கும் அந்நியருக்கு அந்த ஒரு சொல்லே சான்றாகிவிடக்கூடும். "உன் அம்மா அவரை எப்படிக் கூப்பிடுவார்?" என்று கேட்டுத் தெளிந்த பிறகே சொல்ல வேண்டும்.

அரும்பு மீசையைப் பார்த்து வயதைச் சொல்வதும் நம் வேலை அன்று. பள்ளிச் சான்றிதழ், அது இல்லையேல் பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாதபோது மட்டுமே மருத்துவச் சோதனை என்பது சட்டத்தின் வரிசை.

இரக்கத்தால் "இன்றிரவு எங்கள் வீட்டில் படுக்கட்டும்" என்று அழைத்துச் செல்லாதீர்கள். உடனே குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள். தங்குமிடத்தைக் குழுதான் முடிவுசெய்யும். பெற்றோரைத் தேடித் தருவதாக நினைத்து வாட்ஸாப்பில் படம் போடுவது சட்டப்படி குற்றம். அடைக்கலம் தேடும் குழந்தையின் விவரம் அது தப்பிவந்த நாட்டின் தூதரகத்துக்கு எட்டினால், ஊரிலிருக்கும் குடும்பத்துக்கே ஆபத்து நேரலாம்.

ஏன் ஓடிவந்தாய் என்று நடைமேடையில் பலர் சூழத் துருவ வேண்டாம். அதைக் குழுவின் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, பொறுமையாகக் கேட்பார்கள். அதுவரை நாம் கேட்க வேண்டியவை, சாப்பிட்டாயா, உடம்பில் எங்கேனும் வலிக்கிறதா என்ற இரண்டு மட்டுமே.