டைனோ எண்ணை நம்பும்போது செய்யும் தவறுகள்

‘ரீமேப் (இன்ஜின் மென்பொருளை மாற்றியமைப்பது) செய்ததில் 12 குதிரைத்திறன் கூடிவிட்டது’ என்று யாராவது டைனோ (வண்டியை ரோலரில் ஓட்டி அதன் சக்தியை அளக்கும் இயந்திரம்) தாளை நீட்டினால், முதலில் கேட்க வேண்டியது, பழைய எண்ணும் அதே டைனோவில் எடுத்ததா என்பதுதான். இனெர்ஷியா டைனோ, கனமான ரோலரை வண்டி எவ்வளவு சீக்கிரம் சுழற்றுகிறது என்பதை வைத்துக் கணக்குப் போடும். லோட் டைனோ, ரோலரை பிரேக் போட்டு இழுத்துப் பிடித்து அளக்கும். ஒரே காருக்கு இரண்டிலும் ஒரே எண் வராது.

அடுத்தது கரெக்‌ஷன். அன்றைய வெப்பத்திலும் காற்றழுத்தத்திலும் எடுத்த எண்ணை ஒரு பொதுவான நிலைக்கு மாற்றிக் கணக்கிடுவது இது. பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். எஸ்ஏஇ ஜே1349 முறை 25 டிகிரி வெப்பத்தை அடிப்படையாக வைக்கிறது. ‘எஸ்டிடி’ என்ற பழைய முறைக்கு 15.5 டிகிரி, காற்றழுத்தமும் சற்று அதிகம். அதே ஓட்டத்தை மென்பொருளில் எஸ்டிடிக்கு மாற்றினால் எண் சுமார் 4 சதவீதம் ஏறும். 150 இருந்தது 156 ஆகிவிடும், வண்டியில் ஒரு நட்டைக்கூடத் தொடாமல்! வெப்ப சென்சாரைச் சூடான இன்ஜின் பக்கத்தில் வைத்தாலும் இதே கதைதான்: அறை கொதிக்கிறது என்று நினைத்து மென்பொருள் எண்ணைத் தூக்கிக் கொடுக்கும். டர்போ வண்டியில் இன்னும் மோசம். மெல்லிய காற்றை ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஏற்கெனவே பூஸ்ட்டில் (டர்போ காற்றைத் தள்ளும் அழுத்தம்) ஓரளவு சரிக்கட்டியிருக்கும், அதன்மேல் முழுக் கரெக்‌ஷனையும் போட்டால் ஒரே குறைக்கு இரண்டு முறை ஈடு கொடுத்ததாகிவிடும்.

சக்கரத்தில் கிடைத்த எண்ணோடு 15 சதவீதத்தைச் சேர்த்து ‘இன்ஜின் பவர்’ என்று சொல்வது எனக்குப் பிடிக்காத பழக்கம். இன்ஜின் 200 தரும்போது சக்கரத்துக்கு வருவதற்குள் 30 போகிறது என்றே வைத்துக்கொள்வோம். அதே கியர்பாக்ஸில் 300 தரும் இன்ஜினை மாட்டினால் இழப்பும் சரியாக 45 ஆகுமா? கியர் ஆயிலைக் கலக்குவதில் போகும் சக்தி பெரும்பாலும் வேகத்தைப் பொறுத்தது, இன்ஜினின் சக்தியைப் பொறுத்ததல்ல. சக்கரத்து எண்ணை அப்படியே சொல்லிவிடலாமே.

அப்புறம் சில்லறைத் தவறுகள். வண்டியை ரோலர்மேல் பிடித்து வைக்கும் ஸ்ட்ராப்பை ஒருமுறை தளர்வாகவும் மறுமுறை இறுக்கியும் கட்டினால், டயர் ரோலரில் நசுங்கும் அளவு மாறி எண்ணும் மாறும். டயர் காற்றும் அப்படியே. இரண்டு ஓட்டத்துக்கும் கியர் ஒன்றாக இருக்க வேண்டும், கியர் விகிதம் 1:1க்கு அருகில் உள்ளதே நல்லது. ஒரு தாளில் பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்), இன்னொன்றில் பிஎச்பி (பிரிட்டிஷ் குதிரைத்திறன்) என்றிருந்தால் 1.4 சதவீதம் அங்கேயே போய்விடும்.

ஒரே ஓட்டத்தோடு இறங்கிவிடாதீர்கள். மூன்று ஓட்டம் எடுத்து, அவற்றுக்குள் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். அதுவே 4 குதிரைத்திறன் இருந்தால், புது ஏர் ஃபில்டர் கூட்டிய 3 குதிரைத்திறனுக்குக் காசு கொடுப்பதை யோசிக்கலாம்.