மும்பை வீட்டில் எலி செத்துக் கிடந்தால்

ஊரில் கொல்லைப்புறத்தில் எலியோ பூனையோ இறந்து கிடந்தால், முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, கிணற்றடியில் கைகால் கழுவிக்கொண்டு வருவதோடு வேலை முடிந்துவிடும். சயானிலோ செம்பூரிலோ ஏழாவது மாடியில் குடியேறியவருக்கு அந்தக் கொல்லை கிடையாது. ஆகவே எதை நாமே அப்புறப்படுத்தலாம், எதற்கு மாநகராட்சியை அழைக்க வேண்டும் என்பதை முதலிலேயே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

பெரும்பாலான வீடுகளில் நேர்வது எலிதான். அதுவும் கண்ணுக்குத் தெரியும் முன் நாற்றமாகத்தான் தெரியவரும். கடைகளில் விற்கும் எலி மருந்துகளில் பல இரத்தம் உறைவதைத் தடுத்துச் சில நாட்கள் கழித்தே எலியைக் கொல்பவை. மருந்தைத் தின்ற எலி தண்ணீர் தேடி வெளியே போய்ச் செத்துவிடும் என்று கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம். அது பரணிலோ, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னாலோ, பொய்க்கூரைக்கு மேலோ போய்ச் செத்துக் கிடக்கும், நாற்றம் அடங்க வாரக்கணக்கில் ஆகும். இதனாலேயே மருந்தைவிட எலிக்கூண்டு மேல் என்பது என் கருத்து. இடம் பிடிபடவில்லை என்றால் ஈக்கள் எங்கே மொய்க்கின்றன என்று பாருங்கள்.

கண்டுபிடித்தபின் உடனே துடைப்பத்தை எடுக்கக் கூடாது. உலர்ந்த எச்சமும் சிறுநீரும் தூசியாகப் பறந்து மூச்சில் சேரும். சன்னல்களை அரை மணி நேரம் திறந்து வைத்துவிட்டு, ரப்பர் கையுறை அணிந்து, ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, எலியும் சுற்றியுள்ள இடமும் நனையும்படி தெளித்து ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி எலியைப் பற்றி, பையை அப்படியே உள்வெளியாகத் திருப்பி முடிச்சிட்டு, இன்னொரு பைக்குள் போட்டுக் கட்டுங்கள். மக்கும் குப்பையோடு அதைச் சேர்க்காமல், குப்பை எடுக்க வருபவரிடம் உள்ளே இருப்பது என்னவென்று சொல்லித் தனியாகக் கொடுங்கள். ஊரில் இந்த வேலைக்கென்றே சிலரை அழைத்து வெறுங்கையால் தூக்கச் சொன்ன வழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்து, பெருக்குபவர் கையில் பத்து ரூபாயைத் திணிப்பவர்கள் இருக்கிறார்கள், அது கூடாது.

சன்னல் வழியாகவோ சாக்கடையிலோ வீசுவது அதைவிட மோசம். எலியின் சிறுநீர் கலந்த நீர் காலிலுள்ள வெடிப்பு வழியே உடலில் நுழைந்தால் எலிக்காய்ச்சல் வரக்கூடும். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய 2005 ஜூலை 26-க்குப் பின் இந்நகரம் அதை நன்றாக அறிந்துகொண்டது. மழைக்காலத்தில் தேங்கிய நீரில் நடந்தபின் காய்ச்சல் கண்டால், நடந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வளாகத்திலோ தெருவிலோ நாய், பூனை, மாடு இறந்து கிடந்தால் தொடாதீர்கள். நாயின் எச்சிலில் ரேபீஸ் கிருமி இருக்கக்கூடும். மும்பை மாநகராட்சியின் 1916 எண்ணை அழைத்து, "பில்டிங் கே சாம்னே குத்தா மரா படா ஹை" என்று இந்தியிலோ, "குத்ரா மேலா ஆஹே" என்று மராத்தியிலோ (நாய் செத்துக் கிடக்கிறது என்பதே இரண்டுக்கும் பொருள்) சொல்லி, அருகிலுள்ள அடையாளத்தையும் வார்டையும் குறிப்பிட்டுப் புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தாராவி ஜி வடக்கு வார்டு, மாட்டுங்காவும் சயானும் எஃப் வடக்கு, செம்பூர் எம் மேற்கு. வாஷி, தானே, டோம்பிவலி ஆகியவை வேறு மாநகராட்சிகளின் கீழ் வருவதால், அங்கே குடியிருப்பவர்கள் தத்தம் மாநகராட்சியின் எண்ணை சொசைட்டி (குடியிருப்போர் சங்கம்) செயலாளரிடம் கேட்டு வாங்கி வைக்க வேண்டும்.

புறா ஒன்று டக்டில் (கட்டடத்தில் குழாய்கள் செல்லும் இடுக்கு) செத்துக் கிடந்தால் எலிக்குச் சொன்ன முறையே போதும். காகங்களோ புறாக்களோ பலவாகச் சேர்ந்து மடிந்தால் நிலைமை வேறு. 2021 ஜனவரியில் பறவைக் காய்ச்சல் பரவியபோது, இறந்த பறவைகளைப் பற்றித் தெரிவிக்கச் சொன்னதும் இதே 1916-க்குத்தான். போரிவலி, ஆரே காலனிப் பக்கம் குடியிருப்பவர்கள் மயில், குரங்கு, பாம்பு போன்றவை இறந்து கிடக்கக் கண்டால் வனத்துறையின் 1926-ஐ அழைக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இறந்த விலங்குக்கும் பொருந்தும் என்பதால், அழகாக இருக்கிறதே என்று மயிலின் உடலை வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடாதீர்கள்.