ஏரி நீரில் வானுக்குப் போவது எவ்வளவு? தொட்டி வைத்து அளக்கும் முறை

கோடையில் ஏரியின் நீர்மட்டம் இறங்கும்போது, எல்லாவற்றையும் வெயில் உறிஞ்சிவிட்டது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அந்த இறக்கத்தில் ஒரு பங்கு ஆவியாகி வானுக்குப் போகிறது. இன்னொரு பங்கு மண்ணுக்குள் இறங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகளில் ஊறுகிறது. வானுக்குப் போன நீர் சராசரியாக எட்டு முதல் பத்து நாள் வரை காற்றில் இருந்துவிட்டு, வேறெங்கோ மழையாக விழும். மண்ணுக்குள் போனதோ பெரும்பாலும் நம் ஊரிலேயே இருக்கும். ஆகவே இரண்டையும் பிரித்து அறிவது ஏரியைப் பராமரிப்பவர்கள் கட்டாயம் போட வேண்டிய கணக்கு என்பேன்.

வானிலை நிலையங்களில் இதற்கென வைக்கப்படும் கலம் சுமார் 122 செ.மீ. விட்டமும் 25 செ.மீ. ஆழமும் கொண்ட உலோக வட்டத் தொட்டி. நமக்கு 60 செ.மீ. விட்டமுள்ள தொட்டி போதும். ஆனால் அதன் பக்கங்கள் செங்குத்தாக இருக்க வேண்டும். வாய் விரிந்த பிளாஸ்டிக் டப்பை எடுத்தால், நீர்ப்பரப்பைவிட அகலமான அதன் வாய் மழையைக் கூடுதலாக வாங்கிக்கொண்டு கணக்கைக் கெடுத்துவிடும். மரமோ கட்டடமோ நிழல் விழாத திறந்த வெளியில், முடிந்தால் ஏரிக்கரையிலேயே, மரச்சட்டத்தின் மேல் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொட்டியை வையுங்கள். மொட்டைமாடி வேண்டாம், சூடேறிய தளம் அளவைக் கூட்டிக் காட்டும். காக்கையும் நாயும் குடிக்காதபடி கம்பிவலை போட்டு மூடுங்கள். வலையால் ஆவியாதல் சிறிது குறையும் என்றாலும், பறவை குடித்த நீரைக் கணக்கில் சேர்ப்பதைவிட அது மேல்.

தொட்டியின் நடுவே, கனமான அடிப்பகுதியில் கூர்முனை மேல்நோக்கிய பித்தளைக் கம்பி ஒன்றை நிறுத்துங்கள். முனை விளிம்பிலிருந்து 6 செ.மீ. கீழே இருக்கட்டும். அலை அடிக்காதிருக்க, கீழே துளையிட்ட அகலமான பி.வி.சி. குழாய் ஒன்றைக் கம்பியைச் சுற்றிப் பொருத்துங்கள். நீரூற்றும்போது கண்ணைத் தாழ்த்திச் சாய்வாகப் பார்த்தால், முனையைச் சுற்றி நீர் மிக நுண்ணிய முகடாக எழும்பி நிற்பது தெரியும். அந்த முகடு மறையும் கணத்தில் ஊற்றுவதை நிறுத்த வேண்டும். இந்த ஒன்றில்தான் அளப்பவரின் பொறுமை தேவைப்படும்.

நாள்தோறும் காலை 8.30 மணிக்கு, மீண்டும் முனை வரை நிரப்ப எவ்வளவு நீர் வேண்டியிருக்கிறது என்று அளவுக்குவளையால் ஊற்றிப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. உயர நீர் என்பது 1 லிட்டர். 60 செ.மீ. விட்டமுள்ள தொட்டியின் பரப்பு 0.283 சதுர மீட்டர் என்பதால், 1.7 லிட்டர் ஊற்றினால் முந்தைய நாளின் ஆவியாதல் 6 மி.மீ. மழை பெய்த நாளில் மழைமானியின் அளவையும் சேர்க்க வேண்டும். 12 மி.மீ. மழைக்குப் பின், முனை தெரியும் வரை 2.26 லிட்டரை, அதாவது 8 மி.மீ. நீரை முகந்து வெளியேற்ற வேண்டியிருந்தால், ஆவியானது மீதி 4 மி.மீ. தொட்டி நிரம்பி வழிந்த நாளை விட்டுவிடுங்கள்.

வாரம் ஒருமுறை தொட்டியைக் கழுவி நீரை மாற்றுவது கட்டாயம். இல்லையெனில் பாசி படியும், டெங்கு பரப்பும் கொசு முட்டையிடும். கொசுவுக்காக எண்ணெய் விடக் கூடாது. அந்த மெல்லிய படலமே ஆவியாதலைத் தடுத்துவிடும்.

வெயிலின் கடுமையை மட்டும் பார்த்து ஆவியாதலை ஊகித்துவிட முடியாது. நீர்ப்பரப்பின் மேல் தங்கும் ஈரக்காற்றை அகற்றி வறண்ட காற்றைக் கொண்டுவருவது காற்றோட்டமே. அதனால்தான் கணவாய்க் காற்று வீசும் ஆரல்வாய்மொழி, பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதிகளில் ஆனி, ஆடி மாதங்களில் வெயில் மந்தமாக இருக்கும்போதும் அளவு உயர்ந்திருக்கக்கூடும். புழுக்கம் மிகுந்த கடற்கரை ஊரிலோ வியர்வைகூடக் காய்வதில்லை. 2017 ஏப்ரலில் வைகை அணையில் ஆவியாதலைத் தடுக்க மிதக்கவிட்ட தெர்மாகோல் அட்டைகளைக் கரை ஒதுக்கியதும் காற்றுதான். அந்த முயற்சி கேலிக்குள்ளானாலும், அதன் பின்னிருந்த கவலை நியாயமானது.

சிறு தொட்டி பக்கங்களிலும் சூடாவதால் ஏரியைவிட வேகமாக நீரை இழக்கும். வானிலை நிலையக் கலத்தின் அளவையே 0.7 அல்லது 0.8 ஆல் பெருக்கித்தான் ஏரிக்குக் கொள்கிறார்கள். நம் சிறிய தொட்டிக்கு 0.7 எடுத்தாலும், வரும் விடையை உச்ச வரம்பாகவே கருத வேண்டும். 6 மி.மீ. அளவு 4.2 மி.மீ. ஆகும். அது ஒரு ஹெக்டேர் நீர்ப்பரப்பில் நாளொன்றுக்கு 42,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரியில் மூன்றரை லோடு.

இனி ஏரிக்குள் அளவுகோல் ஒன்றை நட்டு, மதகு அடைத்திருக்கும், மழையோ வரத்தோ மோட்டார் இறைப்போ இல்லாத ஒரு வாரத்தின் இறக்கத்தைக் குறியுங்கள். நாளுக்கு 10 மி.மீ. இறங்கினால், 4.2 மி.மீ. வானுக்கு, மீதி 5.8 மி.மீ. மண்ணுக்கு. மீதி மிகவும் சுருங்கியிருந்தால், அடியில் படிந்த வண்டல் ஊறுதலை அடைத்திருக்கலாம். அடுத்த கோடையில் தூர்வாரும்போது, ஏரி முழுவதையும் மேலோட்டமாகச் சுரண்டாமல் ஒரு பகுதியை ஆழப்படுத்தச் சொல்லுங்கள். கடைசியில் எஞ்சும் நீர் குறுகிய பரப்பில் ஆழமாக நிற்கும்போது வெயிலுக்கும் காற்றுக்கும் போவது குறையும்.