இரவில் பம்பர்ஸைக் கழற்றும்போது நாம் செய்யும் தவறுகள்

பகலில் பம்பர்ஸ் இல்லாமல் இருக்கப் பழகிவிட்ட பிள்ளை இரவிலும் அப்படியே இருந்துவிடும் என்று எதிர்பார்ப்பதே முதல் தவறு. மற்றத் தவறுகளில் பல இதிலிருந்துதான் கிளைக்கின்றன. இரவில் பாய் நனையாமல் இருக்க, தூக்கத்தில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் வாசோபிரெசின் என்ற ஹோர்மோன் போதிய அளவு சுரக்க வேண்டும், சிறுநீர்ப்பை விடியும்வரை தாங்க வேண்டும், அது நிரம்பினால் மூளை பிள்ளையை எழுப்பிவிட வேண்டும். இம்மூன்றும் உடல் முதிர்ச்சியால் வருபவை. நாம் சொல்லிக்கொடுத்து வருபவையல்ல. ஐந்து வயதிலும் நூற்றுக்குப் 15 பிள்ளைகளளவில் படுக்கையை நனைப்பதால், அந்த வயதுக்கு முன் மருத்துவர்கள் இதை ஒரு நோயாகக் கருதுவதில்லை. தாயோ தகப்பனோ சிறுவயதில் நெடுநாள் பாயை நனைத்தவராக இருந்தால் பிள்ளைக்கும் அது வர வாய்ப்பு அதிகம். சந்தேகமிருந்தால் வீட்டிலுள்ள பாட்டியைக் கேளுங்கள்; அவர் மறைக்காமல் சொல்லிவிடுவார்.

எனவே பம்பர்ஸ் தொடர்ந்து பல காலைகள் நனையாமல் இருப்பதைப் பார்த்த பிறகே அதைக் கழற்ற வேண்டும். இலங்கை மலையகத்தில் இதற்கு மாதத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்குவதுண்டு. குளிரில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்க, சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிகச் சிறுநீரை வெளியேற்றும். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்தில் ஜூன், ஜூலை மழையில் நனைந்த கம்பளி நாட்கணக்கில் காயாது. பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் அந்தச் சிரமம் ஆண்டின் இறுதி மாதங்களில் வரும். பாலர் பாடசாலையில் சேர்க்கும் நாள் நெருங்குகிறதே என்ற அவசரத்தில் கடுங்குளிர்காலத்தில் தொடங்குவதைவிட, மார்ச், ஏப்ரல் வரை பொறுத்திருப்பது பிள்ளைக்கும் துணி துவைப்பவருக்கும் இலகு.

அடுத்தது தேத்தண்ணீர். கொழுந்து பறித்துக் களைத்துவரும் தாய், இரவு ரொட்டியோடு தான் குடிக்கும் பிளேன்டீயில் பிள்ளைக்கும் கொஞ்சம் ஊற்றிக்கொடுப்பது பல வீடுகளில் அன்பின் ஒரு பகுதி. ஆனால் அதிலுள்ள கஃபீன் சிறுநீர்ப்பையைத் தூண்டக்கூடியது. சாப்பாட்டோடு குடிக்கும் தேயிலை உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் குறைக்கிறது. இதைக் கேட்டதும் மாலையிலிருந்து தண்ணீரே கொடுக்காமல் விடுவது அதற்கு எதிர்ப்பக்கத் தவறு. தாகத்தோடு படுக்கும் பிள்ளைக்குச் சிறுநீர் செறிந்து எரிச்சல் உண்டாகும், மலமும் இறுகும். இறுகிய மலம் சிறுநீர்ப்பையை நெருக்கி, அது கொள்ளும் அளவைக் குறைத்துவிடும். பிள்ளை பகல் முழுவதும் பிள்ளைமடுவத்தில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில்) இருந்தால், அங்கே போதிய தண்ணீர் குடிக்கிறதா என்று விசாரியுங்கள். வெறும் கோதுமை மா ரொட்டியோடு நிறுத்தாமல் கீரையும் பப்பாசியும் கொடுங்கள்.

நள்ளிரவில் தூங்கும் பிள்ளையைத் தூக்கிப்போய்ச் சிறுநீர் கழிக்க வைத்தால் அன்றைய பாய் காய்ந்திருக்கும். ஆனால் பாதித் தூக்கத்தில் பெய்யும் பிள்ளை தானாக விழிக்கக் கற்பதில்லை. மாறாக, தானாக விழித்த பிள்ளையை ஈரப் படிகளில் இறக்கி, லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) வெளியே இருட்டிலுள்ள கழிவறைக்குப் போகச் சொன்னால் அது பயத்தில் அடக்கிக்கொண்டு திரும்பவும் படுத்துவிடும். அறைக்குள்ளேயே ஒரு மூலையில் தாழ்வான பிளாஸ்டிக் பேசனும் ஒரு சிறு விளக்கும் வைத்தால் போதும். மெத்தையைக் காக்கப் பழைய உரப் பையை விரிக்க வேண்டாம். கழுவினாலும் உரத்தின் எச்சம் இருக்கக்கூடும். சுத்தமான றப்பர் விரிப்பை மெத்தைமேல் விரித்து, ஓரங்களை மெத்தைக்கடியில் இறுகச் செருகி, அதன் மேலே பருத்தித் துணி போடுங்கள்.

நனைந்த மெத்தையை லயத்து வாசலில் காயப்போட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுத் திட்டுவதால் எந்தச் சிறுநீர்ப்பையும் வளர்ந்ததில்லை. தூக்கத்தில் நடந்ததற்கு அடிப்பது, பிள்ளைக்கு விளங்காத ஒரு தண்டனை.

ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காதிருந்த பிள்ளை மீண்டும் நனைக்கத் தொடங்கினாலோ, சிறுநீர் கழிக்கும்போது அழுதாலோ, காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். ஓயாத தாகத்தோடு உடல் மெலிந்தால் அது நீரிழிவாக இருக்கக்கூடும் என்பதால், கிளினிக் நாள் வரட்டும் என்று காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.