1/35 பொம்மையின் சட்டைக் கையில் மூன்று பட்டை: டெக்கால் ஒட்டும் முறை

ராணுவ ஹவில்தாரின் மூன்று பட்டை நிஜத்தில் 8 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டால், 1/35 அளவு (நிஜத்தில் 35-ல் ஒரு பங்கு) சிப்பாய் பொம்மையில் அது 2.3 மி.மீ.தான். அதைப் பிரஷால் வரைய நல்ல கைப்பழக்கம் வேண்டும். புதியவர்களுக்குத் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் டெக்கால் (தாள்மேல் மெல்லிய படலத்தில் அச்சிட்ட ஒட்டுப்படம்) சுலபம். ஒட்டியது அசிங்கமாகத் தெரிந்தால் டெக்காலைத் திட்டாதீர்கள். கோளாறு பெரும்பாலும் அடியில் இருக்கும் பெயின்டில்தான்.

சீருடைக்கு நாம் அடிப்பது பளபளப்பில்லாத மேட் பெயின்ட். அது கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் கொண்டது. நேரே மேலே ஒட்டினால் பள்ளங்களில் காற்று சிக்கி, பட்டையைச் சுற்றி வெள்ளிபோல் மினுங்கும். அதனால் பட்டை வரும் இடத்தில் மட்டும் பளபளப்பு வார்னிஷை மெல்லிசாக இரண்டு கோட் கொடுத்து, ஓர் இரவு காயவிடுங்கள்.

அடுத்து தண்ணீர். சேலத்து போர்வெல் தண்ணீர் காய்ந்தால் உப்புக்கறை நிற்கும், அடர்நிறச் சீருடையில் பளிச்சென்று தெரியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் ஒரு பாட்டில் வாங்கினால் மாதக்கணக்கில் வரும். கூர்முனைச் சாமணத்துக்கு, வெள்ளிப் பட்டறைகள் நிறைந்த செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் விசாரியுங்கள்.

புதிய பிளேடால், அச்சிட்ட பட்டையின் ஓரத்துக்கு மிக அருகில் டெக்காலை வெட்டுங்கள். சுற்றியுள்ள வெற்றுப் படலம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. சாமணத்தில் பிடித்து வெதுவெதுப்பான தண்ணீரில் 10 விநாடி முக்கி, டிஷ்யூ மேல் ஒரு நிமிடம் வையுங்கள். தண்ணீரிலேயே மிதக்கவிட்டால் பசை கரைந்து போய்விடும்.

சட்டைக் கையில் மைக்ரோ செட் (டெக்கால் ஒட்ட உதவும் திரவம்) ஒரு சொட்டு தடவி, ஈரப் பிரஷால் டெக்காலைத் தாளிலிருந்து நேரே அங்கே நகர்த்துங்கள். இந்திய, பிரிட்டிஷ் பட்டைகளின் முனை கீழ்நோக்கும். அமெரிக்கப் பட்டை மேல்நோக்கும். ஒரு கையிலா, இரு கையிலுமா என்பதை அந்தக் காலத்துப் புகைப்படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இடம் சரியானதும் டிஷ்யூ முனையை ஓரத்தில் தொட்டு நீரை உறிஞ்சுங்கள். நடுவில் அழுத்தினால் டெக்கால் டிஷ்யூவோடு வந்துவிடும்.

பத்து நிமிடம் கழித்து மைக்ரோ சால் என்ற இன்னொரு திரவத்தைத் தடவுங்கள். இது படலத்தை இளக்கித் துணி மடிப்புக்குள் படியவைக்கும். தடவிய சற்று நேரத்தில் டெக்கால் சுருங்கிக் கசங்கும். பதறிப்போய் விரலோ பிரஷோ வைத்தால் கிழிந்துவிடும். சும்மா விடுங்கள், காயும்போது தானே சமமாகும். ஆழமான மடிப்பில் இன்னும் தூக்கி நின்றால் ஊசிமுனையால் ஒரு துளை குத்தி, மறுபடி சால் தடவுங்கள். வெயில் காலத்தில் ஃபேனுக்கு அடியில் இந்த வேலை வேண்டாம், படியும் முன்பே திரவம் காய்ந்துவிடும்.

வீட்டில் அச்சிடுவதானால் ஒன்றை நினைவில் வையுங்கள்: சாதாரண பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. வெள்ளைப் பட்டைக்கு வெள்ளை டெக்கால் தாள் வாங்கி, சுற்றுப்புறத்தைக் காக்கியாக அச்சிட்டு, வெட்டிய ஓரத்தைப் பெயின்டால் மறைக்க வேண்டும். இங்க்ஜெட் என்றால், ஊறவைக்கும் முன் கிளியர் ஸ்ப்ரே அடிக்காவிட்டால் மை கரைந்து ஓடும்.

மறுநாள் ஈரப் பிரஷால் கறையைத் துடைத்துக் காயவிட்டு, மேட் வார்னிஷ் கொடுங்கள். பாட்டிலை நன்றாகக் கலக்குங்கள். அடியில் தங்கிய மேட் பொடி கட்டியாக வந்தால் வெள்ளை பூக்கும். ஏற்காட்டில் பனிமூட்டம் இறங்கும் நாளில் ஸ்ப்ரே டின்னைத் தொடவே வேண்டாம், ஈரக்காற்றாலும் அதே வெண்மை படியும். அங்கே பிரஷால் பூசும் அக்ரிலிக் மேட்தான் நம்பகம். ஏற்கெனவே பூத்துவிட்டதா? காய்ந்த நாளில் மேலே ஒரு கோட் பளபளப்பு வார்னிஷ் கொடுத்தால் பெரும்பாலும் மறையும், பிறகு மேட்.

கடைசியாக, தூய வெள்ளைப் பட்டை பொம்மையில் கண்ணை உறுத்தும். நீர்த்த காக்கியை மடிப்பின் நிழல் பக்கம் மட்டும் லேசாக இழுத்துவிடுங்கள்.