கறுத்த தண்ணீரைக் கழுவினால் மட்டும் போதாது: சென்ட்ரல் ஹீட்டிங் சகதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் பெரும்பாலான வீடுகளில் எரிவாயு பாய்லரில் சூடாகும் தண்ணீர், பம்பின் உதவியால் அறைதோறும் உள்ள ரேடியேட்டர்களுக்குள் சுற்றிவருகிறது. கவனிக்காமல் விட்டால் ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தத் தண்ணீர் மை போலக் கறுத்துவிடும். அது வெளியிலிருந்து வந்த அழுக்கு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ரேடியேட்டரின் இரும்பேதான். எஃகுத் தகட்டாலான அதன் உட்சுவர், தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனால் அரிக்கப்பட்டு, மாக்னடைட் என்னும் கரிய இரும்பு ஆக்சைடாக உதிர்ந்து, ஓட்டம் மெதுவாக உள்ள இடங்களில் சகதியாகப் படிகிறது. மூடிய சுற்றுக்குள் ஒருமுறை நிரப்பிய தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால், அதன்பின் அரிப்பு பெருமளவு அடங்கிவிட வேண்டும். அடங்காமல் சகதி சேர்ந்துகொண்டே போகிறது என்றால், எங்கோ ஒரு வழியில் புதிய ஆக்சிஜன் உள்ளே வருகிறது. அந்த வழியைத் தேடாமல் சகதியை மட்டும் அகற்றுவதே எல்லாவற்றிலும் பெரிய தவறு.

அதற்கு முன்பே நேரும் தவறு, நோயை மாற்றி அறிவது. ரேடியேட்டரின் மேற்பகுதி குளிர்ந்து கீழ்ப்பகுதி சுட்டால் உள்ளே வாயு தேங்கியிருக்கிறது. மேலே சுட்டு, கீழே நடுப்பகுதி குளிர்ந்திருந்தால் சகதி படிந்திருக்கிறது. ஒரே ஒரு ரேடியேட்டர் முழுவதுமாகக் குளிர்ந்திருந்தால், அறையின் வெப்பத்துக்கேற்ப நீரோட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டிக் வால்வில், கோடை முழுவதும் மூடிக் கிடந்ததால் ஊசி சிக்கிக்கொண்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். பாய்லருக்குத் தொலைவில் உள்ளவை மட்டும் மந்தமாகச் சூடானால், ரேடியேட்டர்களுக்கிடையே நீரோட்டம் சரியாகப் பங்கிடப்படாததும் காரணமாக இருக்கலாம். இவற்றைப் பிரித்தறியாமல் பம்பின் வேகத்தையோ பாய்லரின் வெப்பநிலையையோ உயர்த்தினால் எரிவாயுக் கட்டணம்தான் கூடும்.

வாரந்தோறும் சாவியைத் திருகி வாயுவை வெளியேற்றிவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று இருப்பவர்களும் உண்டு. ஒரே ரேடியேட்டரில் திரும்பத் திரும்ப வாயு சேர்ந்தால் அது வெறும் காற்றாக இல்லாமலும் இருக்கலாம்: இரும்பு மாக்னடைட்டாக மாறும் வேதிவினையில் ஹைட்ரஜன் வெளிப்படுகிறது. ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது என்பதால் வாயுவை வெளியேற்றும் வேளையில் அருகில் மெழுகுவர்த்தியோ சிகரெட்டோ இருக்கக் கூடாது.

அறைகளைச் சூடாக்குவதோடு குழாய்களுக்கு வெந்நீரையும், தனித் தொட்டி இல்லாமல், ஒரே கருவியாகத் தரும் காம்பி பாய்லர் வீடுகளில் ஆக்சிஜன் நுழையும் முக்கிய வழி, வீட்டுக்காரர் நல்லெண்ணத்துடன் திறக்கும் நிரப்புக் குழாயே. குளிர்ந்த நிலையில் அழுத்தமானி பொதுவாக 1 முதல் 1.5 பார் வரை காட்ட வேண்டும். அது இறங்கும்போதெல்லாம் குழாய் நீரைச் சேர்ப்பது பலருக்கு வழக்கமாகிவிட்டது. ஆண்டில் ஓரிரு முறை என்றால் பொருட்படுத்த வேண்டியதில்லை. சில வாரங்களுக்கொருமுறை என்றால் தண்ணீர் எங்கோ வெளியேறுகிறது. அதற்கு ஈடாக ஒவ்வொரு முறையும் புதிய ஆக்சிஜன் உள்ளே போகிறது, சுற்று நீரில் கலந்துவைக்கும் அரிப்புத் தடுப்பு மருந்தும் நீர்த்துப்போகிறது. கசிவு கண்ணில் படாவிட்டால் விரிவுக் கலனைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். சூடேறி விரியும் நீருக்கு இடம் தருவதற்காக அதற்குள் அடைத்துவைக்கப்பட்ட காற்று குறைந்துபோனால், அழுத்தம் 3 பாரை எட்டி, பாதுகாப்பு வால்வு திறந்து, வெளிச்சுவரிலுள்ள சிறு செம்புக் குழாய் வழியாக நீர் சிந்திவிடும். ஆறியபின் அழுத்தம் விழுந்திருக்கும்; வீட்டுக்காரர் மறுபடி நிரப்புவார். சகதியைக் கழுவப் பெரும் தொகை செலவிடும் வீடுகளில்கூட இந்தக் கலனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது வியப்புக்குரியது.

மாடிக்கு மேலுள்ள பரணில் சிறு தொட்டி வைத்த பழைய திறந்த அமைப்புகளில் தவறு வேறுவிதமானது. அத்தொட்டியின் மேல் வளைந்து நிற்கும் குழாயிலிருந்து, பம்ப் ஓடும்போது நீர் கொட்டினால், அந்த நீர் காற்றை அள்ளிக்கொண்டு மீண்டும் சுற்றுக்குள் போகிறது; இப்படிப்பட்ட வீட்டில் எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை, குழாய் அமைப்பையே திருத்த வேண்டும். தடுப்பு மருந்தைத் தொட்டியில் ஊற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதும் பிழையே. தொட்டி நீர் சுற்றில் கலந்து ஓடுவதில்லை என்பதால், கீழே வடிகால் வழியாகக் கொஞ்சம் நீரை இறக்கி மருந்தை உள்ளே இழுக்க வேண்டும். தொட்டியிலிருந்து வரும் குழாய் இணையும் இடத்திலேயே சகதி அடைத்துக்கொண்டால் அதுவும் நடக்காது. செம்புக் குழாயில் காந்தம் ஒட்டாது. ஆகவே அந்த இணைப்பருகே வெளியிலிருந்து ஒரு சிறு காந்தத்தை வைத்து, அது ஒட்டிக்கொண்டால் உள்ளே மாக்னடைட் திரண்டிருப்பதை அறியலாம்.

அடுத்து, எடுத்த எடுப்பிலேயே பவர் ஃப்ளஷுக்கு, அதாவது இயந்திரத்தால் நீரை வேகமாகச் செலுத்திச் சுற்று முழுவதையும் கழுவுவதற்கு, ஒப்புக்கொள்வது. ஒன்றிரண்டு ரேடியேட்டர்கள் மட்டுமே அடைபட்டிருந்தால், வால்வுகளை மூடி அவற்றைக் கழற்றி, தோட்டத்தில் ஹோஸ் நீரால் கழுவி மாட்டினாலே போதும். கழற்றும்போது சிந்தும் கறுப்பு நீர் கம்பளத்தை விட்டுப் போகாது என்பதால், தட்டும் பழந்துணியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வீடு முழுவதும் பாதிக்கப்பட்டிருந்தால் ஃப்ளஷ் தேவைதான். ஆனால் சுவர் மெலிந்துபோன பழைய ரேடியேட்டர்களில், துருத் துளைகளை அதுவரை அடைத்திருந்த சகதியே வெளியேறிக் கசிவு தொடங்கலாம் என்பதையும், 8 அல்லது 10 மில்லிமீட்டர் குழாய்கள் முற்றிலும் அடைபட்டிருந்தால் ஃப்ளஷால்கூடத் திறக்க முடியாமல் போகலாம் என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. மற்றவற்றை மூடிவிட்டு ஒவ்வொரு ரேடியேட்டராகத் தனியே கழுவுவாரா, தண்ணீர் தெளியும்வரை தொடர்வாரா, சுத்திகரிப்பு மருந்தை முழுவதும் வெளியேற்றுவாரா என்ற கேள்விகளுக்கு நேரடியாகப் பதில் சொல்லாதவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம்.

கழுவியபின் தடுப்பு மருந்தைச் சேர்க்காமல் இருப்பது, கழுவாமலே இருப்பதைவிடப் பெரிதும் மேலானதன்று. அமைப்பிலுள்ள நீரின் அளவுக்கேற்ப, புட்டியில் குறித்தபடி சேர்க்க வேண்டும். பி.எஸ். 7593 என்னும் பிரிட்டிஷ் தரநெறியின் 2019ஆம் ஆண்டுப் பதிப்பு, குழாய் வழியில் வடிகட்டி பொருத்துவதையும், ஆண்டுதோறும் மருந்தின் அளவைச் சோதிப்பதையும், 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மருந்தைப் புதிதாகச் சேர்ப்பதையோ நீரை முழுமையாகப் பரிசோதிப்பதையோ வலியுறுத்துகிறது. காந்த வடிகட்டியைப் பொருத்திவிட்டு அதைத் திறந்தே பார்க்காதவர்கள் ஏராளம். நிரம்பிய வடிகட்டி எதையும் பிடிக்காது. அது அரிப்பை நிறுத்துவதுமில்லை. உதிர்ந்ததைச் சேகரிக்கிறது, அவ்வளவுதான்.

பழைய பாய்லர் பழுதாகிப் புதியது வாங்கும்போது, செலவைக் குறைக்க, சுற்றைக் கழுவாமல் அதே கறுத்த நீரில் அதை இணைப்பது கடைசித் தவறு. புதிய பாய்லர்களின் வெப்பப் பரிமாற்றியில் நீர்வழிகள் மிகக் குறுகலானவை என்பதால் சகதி அங்கேதான் முதலில் அடைக்கும். குளியலறையில் வெந்நீர் வெதுவெதுப்பாகவே வருவதும், பாய்லர் கெண்டி கொதிப்பதுபோல் இரைவதும் அதன் அறிகுறிகள். சகதியால் நேர்ந்த பழுதுக்கு உற்பத்தியாளர்கள் உத்தரவாதத்தை மறுக்கலாம். ஆகவே சுற்றைக் கழுவியதும் மருந்து சேர்த்ததும் பாய்லர் கையேட்டிலுள்ள, செய்த வேலைகளைப் பதிவுசெய்யும் பெஞ்ச்மார்க் படிவத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று, எரிவாயு வேலைக்கான கேஸ் சேஃப் பதிவு பெற்ற பொறியாளர் வீட்டை விட்டுக் கிளம்புமுன் படித்துப் பார்த்துவிட வேண்டும்.